பழைய கார்களில் எஞ்சின் அதிவெப்பமடைதல்

எஞ்சின் அதிவெப்பமடைதல் என்பது, எஞ்சினில் உண்டாகும் வெப்பத்தைக் குளிர்விக்கும் அமைப்பு போதிய வேகத்தில் வெளியேற்ற இயலாத நிலையாகும். 2014-ஆம் ஆண்டு உற்பத்தி நிறுத்தப்பட்ட அம்பாசடர், மாருதி 800 போன்ற பழைய குடும்பக் கார்களில் இது அடிக்கடி காணப்படுகிறது. உரிய நேரத்தில் கவனிக்காவிட்டால் சிலிண்டர் ஹெட் வளைந்து, எஞ்சினையே பிரிக்க வேண்டிய செலவு நேரிடும்.

குளிர்விக்கும் அமைப்பு

வாட்டர் பம்ப், கூலண்டை எஞ்சினைச் சுற்றியுள்ள வழிகளில் செலுத்துகிறது. எஞ்சின் சூடேறும்வரை தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். ஏறத்தாழ 82 முதல் 88 பாகை செல்சியஸில் அது திறந்து, கூலண்டை ரேடியேட்டருக்கு அனுப்பும். ரேடியேட்டர் மூடி அமைப்பினுள் அழுத்தத்தைத் தக்கவைப்பதால் கூலண்டின் கொதிநிலை உயர்கிறது. எனவே மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தாலே கூலண்ட் சீக்கிரம் கொதிக்கத் தொடங்கும்.

உடனடி நடவடிக்கை

வெப்பமானியின் முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை நிறுத்தி, வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தம் விடுபட்டதும் கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். நன்கு ஆறிய பின்னரே திறக்க வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரைத் திடீரென ஊற்றினால் உலோகத்தில் விரிசல் விழக்கூடும்.

காரணத்தைக் கண்டறிதல்

எப்போது சூடாகிறது என்பதே முதல் தடயம்.

• நெரிசலில் சூடாகி, ஓட்டத்தில் தணிந்தால்: விசிறியில் கோளாறு. மாருதி 800-இல் மின்விசிறி உள்ளது. அதை பேட்டரியுடன் நேரடியாக இணைத்தால் சுழலுமானால், ஃபியூஸ், ரிலே, வெப்ப சுவிட்ச், வயர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.
• வேகமாகச் செல்லும்போதோ மலையேறும்போதோ சூடானால்: ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் தேய்வு, உறிஞ்சலில் சப்பையாகும் கீழ்க்குழாய்.
• கிளப்பிய சில நிமிடங்களிலேயே சூடானால்: கூலண்ட் குறைவு அல்லது திறக்காத தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடேறிய பின்னும் மேல்குழாய் சுட்டு, கீழ்க்குழாய் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட்டையோ ரேடியேட்டர் அடைப்பையோ சந்தேகிக்கலாம்.
• சார்ஜ் விளக்கும் சேர்ந்து எரிந்தால்: பெல்ட் அறுந்திருக்கலாம். அம்பாசடரின் பழைய மாடல்களில் விசிறி, வாட்டர் பம்ப், டைனமோ மூன்றையும் ஒரே பெல்ட் இயக்குகிறது.
• கசிவின்றிக் கூலண்ட் குறைதல், இனிப்பு மணமுள்ள வெண்புகை, பால் கலந்ததுபோன்ற எஞ்சின் ஆயில்: ஹெட் கேஸ்கட் பழுதுக்கான அறிகுறிகள்.

கூலண்ட் பெருமளவு வெளியேறிவிட்டால், உணரி நீரில் மூழ்காததால் முள் தாழ்வாகவே காட்டக்கூடும். முள் இறங்கியதை எஞ்சின் ஆறியதாகக் கொள்ளக் கூடாது.

சரிசெய்தல்

செலவு குறைந்தவற்றிலிருந்து தொடங்குவது நல்லது: கூலண்ட், மூடி, பெல்ட், குழாய்கள், தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் இட்டால், அது திறக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சில பட்டறைகளில் அதைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்வதுண்டு. அது தீர்வாகாது, எஞ்சின் உரிய வெப்பத்தை அடையத் தாமதமாவதால் தேய்மானமும் எரிபொருள் செலவும் கூடும்.

ஹெட் கேஸ்கட்டை மாற்றும்போது சிலிண்டர் ஹெட்டின் சமதளத்தையும் சோதிக்க வேண்டும். வளைந்த ஹெட்டில் புதிய கேஸ்கட்டும் நிலைக்காது. கூலண்ட் நிரப்பிய பின், மூடியைத் திறந்துவைத்தே குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, காற்றுக்குமிழிகள் வெளியேறும்வரை ஓடவிட வேண்டும்.

பராமரிப்பு

வெறும் குழாய்நீரை ஊற்றிவந்தால் உப்புப் படிவும் துருவும் ரேடியேட்டரை அடைக்கும். காய்ச்சி வடித்த நீருடன் சம அளவு கலந்த கூலண்டைப் பயன்படுத்தி, தயாரிப்பாளர் கூறும் இடைவெளியில் மாற்ற வேண்டும். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலண்ட் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாமல் வைப்பது அவசியம்.