29 ஆம்பியர், ஒரு மணி நேரம்

ஸ்ரீரங்கப்பட்டணம் காவிரி சூழ்ந்த தீவு. 1799 மே 4 பிற்பகலில் டேவிட் பேர்டு தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அந்த ஆற்றில் இறங்கி, நடந்தே கடந்து, திப்புவின் கோட்டைக்குள் நுழைந்தது. மழை பிடித்துவிட்டால் முற்றுகை வீணாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். மே முதல் வாரத்தில் அங்கே காவிரி அவ்வளவுதான். இன்று ஆற்றின் அளவை மேலே இருக்கும் கிருஷ்ணராஜ சாகர் அணை தீர்மானிக்கிறது. அணையின் முழு மட்டம் 124.80 அடி. 2024 கோடையில் அது 90 அடிக்கும் கீழே போனது.

ஆறு இறங்கினால் கரையோரக் கிணறுகளும் இறங்கும். உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு தண்ணீருக்கு வெளியே வரும். அதே வாரங்களில்தான் எல்லா வீட்டிலும் எல்லாத் தோட்டத்திலும் மோட்டார் கூடுதல் நேரம் ஓடுகிறது, மின்னழுத்தம் சரிகிறது. மோட்டாரைக் கெடுக்கும் இரண்டு காரணங்கள் ஒரே பருவத்தில் சேர்ந்து வருகின்றன.

வீட்டுக்கு வரவேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அது 180 வோல்ட்டுக்கு இறங்கியது என்று கொள்வோம். இறைக்க வேண்டிய தண்ணீர் குறையவில்லை. எனவே மோட்டார் மின்னோட்டத்தைக் கூட்டி இழுக்கிறது: ஏறக்குறைய 28 சதவீதம். செப்புச் சுருளில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வெப்பம் 63 சதவீதம் கூடுகிறது. சுருள் சூடேறினால் அதன் மின்தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். அதனால் வெப்பம் இன்னும் கூடும்.

சுருளின் கம்பியை மூடியிருப்பது மெல்லிய வார்னிஷ் பூச்சு. மோட்டாரின் பெயர்ப்பலகையில் 'பி வகுப்பு' என்றிருந்தால் அது தாங்கும் எல்லை 130 டிகிரி. 'எஃப்' என்றால் 155. எல்லையைத் தாண்டி 10 டிகிரி ஏறும் ஒவ்வொரு முறையும் பூச்சின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. மின்மாற்றிகளை ஆராய்ந்து மான்ட்சிங்கர் என்பவர் 1930-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது அது. 20,000 மணி நேரம் உழைக்க வேண்டிய பூச்சு 40 டிகிரி கூடுதல் சூட்டில் 1,250 மணி நேரம் தாங்கும். நாளுக்கு 2 மணி நேரம் ஓடும் மோட்டாருக்கு முதல் கணக்கு 27 ஆண்டு. இரண்டாவது 2 ஆண்டுக்கும் குறைவு.

இது ஓடுகிற மோட்டாரின் கதை. ஓடாமல் நின்ற மோட்டாரின் கதை வேறு. தொடக்கக் கண்டன்சர் வலுவிழந்தாலோ, நெடுநாள் சும்மா கிடந்த இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் சக்கரம், துருவில் பிடித்துக்கொண்டாலோ, சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமும், சுழலாது. குறைந்த மின்னழுத்தத்தில் இது இன்னும் எளிதாக நடக்கும். 180 வோல்ட்டில் கிளம்பும் விசை வழக்கத்தில் 61 சதவீதம்தான்.

1 எச்.பி. மோட்டார் வழக்கமாக எடுப்பது சுமார் 7 ஆம்பியர். சுழலாமல் நின்றால் 5 மடங்கு, 35 ஆம்பியர். 180 வோல்ட்டில் அது 27 ஆம்பியராகக் குறையும். அந்தக் குறைவு நன்மை அல்ல. பெட்டியில் இருக்கும் 20 ஆம்பியர் எம்சிபி, அதாவது மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும் சுவிட்ச், தன் அளவின் 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பதே தர நிர்ணயம். 1.45 மடங்கு என்பது 29 ஆம்பியர். 27 அதற்கும் கீழே. இதற்கிடையில் சுருளில் வழக்கத்தைப் போல 15 மடங்கு வெப்பம் பிறக்கிறது. சுழலாத மோட்டாரில் விசிறியும் சுழலாது.

எம்சிபி வைக்கப்பட்டது சுவருக்குள் ஓடும் ஒயரைக் காக்க. மோட்டாரைக் காப்பது அதன் வேலை அல்ல. இதை வாங்குபவரிடம் சொல்லும் கடைகள் குறைவு. அடிக்கடி விழுகிறதே என்று 20-ஐக் கழற்றி 32 போடுகிறவர்கள் உண்டு. 32-க்கு அந்த எல்லை 46 ஆம்பியர்.

வைண்டிங் பட்டறையில் மோட்டாரைத் திறந்ததும் காரணம் தெரிந்துவிடும். தொடக்கச் சுருள், ஓட்டச் சுருள் இரண்டும் சீராகக் கருகியிருந்தால் மின்னழுத்தக் குறைவு அல்லது மிகைச்சுமை. தொடக்கச் சுருள் மட்டும் கரியாகி, பக்கத்தில் ஓட்டச் சுருள் செம்பு நிறம் மாறாமல் இருந்தால், மோட்டார் கிளம்பவே திணறியிருக்கிறது.

தண்ணீர் இல்லாமல் ஓடும்போது நிகழ்வது இதற்கு நேர்மாறு. சுமை இல்லாததால் மின்னோட்டம் குறைகிறது. மிகை மின்னோட்டத்தைப் பார்த்து அணைக்கும் ஓவர்லோடு ரிலேக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை. தண்டைச் சுற்றியுள்ள சீல், கரியும் பீங்கானும் உரசும் இரண்டு வளையங்கள். நடுவே தண்ணீர்ப் படலம் இருக்கும்வரை அவை அதிகம் தேயாது. படலம் போனால் நிமிடங்களில் சூடேறிக் கெடும். வெளியேறும் வால்வு மூடியிருந்தாலும் ஆபத்துதான். பம்ப் கூட்டுக்குள் 2 லிட்டர் தண்ணீர் சிக்கி, 400 வாட் வெப்பம் அதில் இறங்கினால், 27 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குச் சுமார் 25 நிமிடம். அதைத் தாங்கும் குழாய் பி.வி.சி. அல்ல, 60 டிகிரிக்கு மேல் அதை நம்பக்கூடாது.

சீல் கெட்ட பிறகும் மோட்டார் ஓடும். அடுத்த முறை கிணற்றில் தண்ணீர் இருக்கும்போது அது தண்டு வழியே கசிந்து பேரிங்குக்கும், அங்கிருந்து சூட்டில் பூச்சு வெடித்த சுருளுக்கும் போகும். அப்போது மின்சாரம் மோட்டாரின் இரும்பு உடலுக்கு வருகிறது. உலோகக் குழாய் இருந்தால் குழாய்க்கும்.

எர்த் இணைப்பு இதற்காகத்தான். ஆனால் எர்த் குழி மண்ணின் ஈரத்தை நம்பியது. கோடையில் மண் காய்ந்து தடை 10 ஓம் ஆனால், முழு 230 வோல்ட்டும் கசிந்தாலும் அதன் வழி போவது 23 ஆம்பியர். 20 ஆம்பியர் எம்சிபி அதற்கு ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. அது விழும்வரை மோட்டார் உடல் மின்சாரத்தோடு இருக்கும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவர் இதயத்தை நிறுத்த ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும்.

பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்குத் திருகி வைத்த ஓவர்லோடு ரிலே, நின்ற மோட்டாரை நொடிக்கணக்கில் அணைக்கும். மின்னோட்டக் குறைவைப் பார்த்து அணைக்கும் டிரை ரன் கருவி, வறண்ட கிணற்றுக்கு. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் ஒன்றா என்று பார்க்கும் சுவிட்ச், கசிவை 0.3 நொடிக்குள் துண்டிக்கும். மூன்றும் மூன்று வேறு வேலை. ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது. ஆர்சிசிபியின் முகப்பில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மின்சாரம் இருக்கும்போது அதை அழுத்தினால் சுவிட்ச் விழ வேண்டும். விழாவிட்டால், அன்றைக்கு மோட்டாரைப் போடக் கூடாது.