துப்பாக்கியா, கொசுவலையா?

மாணவர்களே, அடர்ந்த காட்டுக்குள் வழி தவறிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பையில் எந்தப் பொருள் இருந்தால் நல்லது? 'துப்பாக்கி' என்றுதான் உங்களில் பலர் சொல்வீர்கள். திரைப்படங்களும் கணினி விளையாட்டுகளும் நம்மை அப்படிப் பழக்கியிருக்கின்றன. அந்த விடை சரிதானா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிறகு, நம் நாட்டில் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் பகாவ் வட்டாரத்தில் நடந்ததையும் பார்ப்போம்.

காட்டில் சிக்கியவர்களுக்கென்றே சிறிய துப்பாக்கிகள் செய்யப்பட்டது உண்மைதான். 1965 மார்ச்சில், விண்வெளியில் முதன்முதலாக நடந்த அலெக்சி லியோனவும் அவருடைய தோழர் பாவெல் பெல்யாயெவும் பூமிக்குத் திரும்பியபோது, அவர்களுடைய கலம் குறித்த இடத்தைவிட்டு வெகுதூரம் விலகி, பனி மூடிய ரஷ்யக் காட்டில் இறங்கியது. கரடியும் ஓநாயும் உலவும் அந்தக் காட்டில் இருவரும் இரண்டு இரவுகளைக் கழித்தனர். பின்னாளில் சோவியத் விண்வெளி வீரர்களுக்காக டிபி-82 என்ற மூன்று குழல் கைத்துப்பாக்கி உருவானது. 1986 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது வீரர்களோடு விண்வெளிக்குப் போய்வந்தது. அதன் அடிக்கட்டையைக் கழற்றினால் வெட்டுக்கத்தியாகவும் பயன்படும்!

அமெரிக்காவின் ஆர்மலைட் நிறுவனம் ஏஆர்-7 என்ற துப்பாக்கியைச் செய்தது. அதன் குழலையும் மற்ற பாகங்களையும் கழற்றி, தோளில் அணைத்துப் பிடிக்கும் அடிக்கட்டைக்குள்ளேயே அடைத்து மூடிவிடலாம். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். எடை 1.2 கிலோகிராமுக்கும் குறைவு.

இவ்வளவு இலேசான துப்பாக்கியால் என்ன செய்ய முடியும்? இயற்பியல் பாடத்தில் படித்த உந்த அழியா விதியை நினைத்துப் பாருங்கள். தோட்டா முன்னே பாயும்போது, அதே அளவு உந்தத்தோடு துப்பாக்கி பின்னே தள்ளும். துப்பாக்கி இலேசாக இருந்தால் பின்னே வரும் வேகம் கூடும். ஆகவே சிறிய துப்பாக்கிக்குச் சிறிய தோட்டாதான் பொருந்தும். ஏஆர்-7-இன் தோட்டா சுமார் 2.6 கிராம். அது வினாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 142 ஜூல். முயலுக்கும் பறவைக்கும் அது போதும். புலியையோ யானையையோ அது தடுக்காது, சீண்டிவிடத்தான் செய்யும்.

அப்படியென்றால் இது உண்மையில் உணவு தேடும் கருவி. ஆனால், காட்டில் நம் உயிரை முதலில் பறிப்பது பசியா? நல்ல உடல்நலம் உள்ளவர் உணவின்றிப் பல வாரங்கள் தாக்குப்பிடிக்கலாம். தண்ணீரின்றிச் சில நாள்கள்தான். மழையில் நனைந்து உடல் குளிர்ந்துபோனால் சில மணி நேரமே ஆபத்தாகிவிடும். துப்பாக்கி தீர்த்து வைப்பது, மிக மெதுவாக வரும் ஆபத்தைத்தான்.

இப்போது பகாவுக்கு வருவோம். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சிங்கப்பூரில் உணவுப் பஞ்சம் ஏற்பட்டது. மக்களை வெளியே அனுப்பி அவர்களையே பயிர் செய்ய வைக்க ஜப்பானியர் திட்டமிட்டனர். 1943-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி, யுரேசியர்களும் சீனக் கத்தோலிக்கர்களும் பகாவ் அருகே குடியேற்றப்பட்டனர். ஆயர் அட்ரியன் டெவல்ஸ் அவர்களோடு சென்றார். நகரத்தில் அலுவலக வேலை பார்த்துப் பழகிய கைகள் காட்டை வெட்டி, மண்ணைக் கொத்தின.

அவர்களைப் புலி கொல்லவில்லை. மலேரியா கொன்றது. சத்துள்ள உணவில்லை, மருந்தும் போதவில்லை. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆயரும் காலில் பட்ட காயம் முற்றி 1945 ஜனவரியில் உயிர் துறந்தார். அத்தனை பேர் கையிலும் துப்பாக்கி இருந்திருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும்? எண்ணிப் பாருங்கள்.

துப்பாக்கி வைத்திருந்தவரின் கதையும் உண்டு. பிரிட்டிஷ் அதிகாரி ஸ்பென்சர் சாப்மன் ஜப்பானியரை எதிர்த்து மலாயாக் காட்டில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். ஆயுதம் ஏந்திய அவரையும் மலேரியா மீண்டும் மீண்டும் படுக்கையில் தள்ளியது.

நம் முன்னோருக்கு இந்த எதிரியை நன்றாகத் தெரியும். ரப்பர் தோட்டங்களைத் திறக்க வந்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர் மலேரியாவுக்குப் பலியானார்கள். இதில் ஓர் அறிவியல் புதிர் இருந்தது. காட்டை அழித்தால் கொசுவும் அழியும் என்றுதான் நினைப்போம். ஆனால், குன்றுப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டிய பிறகு மலேரியா கூடியது! அனோபிலஸ் மக்குலேட்டஸ் என்ற கொசு, வெயில் படும் தெளிந்த ஓடையில்தான் முட்டையிடும். மரங்களை வெட்டியதும் ஓடையில் வெயில் விழுந்தது, கொசு பெருகியது. மருத்துவர் மால்கம் வாட்சன் இதை ஆராய்ந்து, ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே ஓடச் செய்தார். மூட முடியாத இடங்களில் எண்ணெய் தெளிக்கப்பட்டது. நீரின் மேற்பரப்புக்கு வந்து மூச்சுவிடும் கொசுப்புழுக்கள் அந்த எண்ணெய்ப் படலத்தால் மடிந்தன. எதிரி எங்கே பிறக்கிறான் என்று தெரிந்த பிறகே சரியான ஆயுதம் கிடைத்தது.

இது பழைய கதை என்று எண்ணிவிடாதீர்கள். குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்குப் பரவும் நோலெசி மலேரியா இன்றும் மலேசியாவில் உள்ளது. காட்டிலும் காட்டோரத் தோட்டத்திலும் வேலை செய்பவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம்.

ஆகவே காட்டு நடைக்குப் போகும்போது ஆபத்தின் வரிசையிலேயே பையை நிரப்புங்கள். நனையாமல் இருக்க மழைத்தாள், மாற்று உடை. குடிக்கத் தண்ணீர், அதைக் கொதிக்க வைக்க ஒரு பாத்திரம், நனையாத தீமூட்டி. இரவுக்குக் கொசுவலை, நீண்ட கைச் சட்டை, கொசு விரட்டி. காயத்துக்கு மருந்தும் கட்டும். ஆளைக் கூப்பிட ஒரு விசில். கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிறகும் விசில் கேட்கும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் புறப்படுங்கள். தேடி வருபவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

துப்பாக்கியா? மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். தண்டனையும் கடுமையானது.

அடுத்த முறை பள்ளி முகாமுக்குப் பை கட்டும்போது ஒரு தாளில் இரண்டு பத்திகள் போடுங்கள். இடப்பக்கம் ஆபத்து, வலப்பக்கம் அதற்கான பொருள். இடப்பக்கத்தை முதலில் எழுதி முடித்துவிடுங்கள். வலப்பக்கம் தானாக நிரம்பும்.