ஆயில் கேனுக்குள் என்ன இருக்கிறது?

காம்ப்ளக்ஸ் உரம் வாங்கப் போனால், மூட்டையில் 17:17:17 என்றிருக்கிறதா, 20:20:0:13 என்றிருக்கிறதா என்று பார்க்காமல் நீங்கள் பணத்தை எடுக்க மாட்டீர்கள். ஆனால் டிராக்டருக்கு ஆயில் வாங்கும்போது, 'அஞ்சு லிட்டர் இன்ஜின் ஆயில் கொடுங்க' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. லூசில் விற்பதாக இருந்தால் இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்து, 'கெட்டியாத்தான் இருக்கு' என்று வாங்கி வந்துவிடுகிறோம். நாற்று நடவுக்குத் தயாராக நிற்கும் நேரத்தில் இன்ஜின் வேலை வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அந்தக் கேனுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஐந்து லிட்டர் கேனில் நான்கு லிட்டரோ, அதற்குச் சற்று மேலோ இருப்பது அடிப்படை எண்ணெய். இது பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது. பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் வடித்தெடுத்த பிறகு அடியில் தங்கும் கனமான பகுதியை, வெற்றிட நிலையில் மறுபடியும் வடிக்கிறார்கள். சாதாரண அழுத்தத்தில் அதைக் கொதிக்க வைக்கப் போனால் மூலக்கூறுகளே உடைந்துவிடும் என்பதால்தான் வெற்றிடம் தேவைப்படுகிறது. பிறகு மெழுகையும், எளிதில் கெட்டுப்போகும் பொருட்களையும் பிரித்து நீக்குகிறார்கள். நம் ஊரிலேயே சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையில் இந்த அடிப்படை எண்ணெய் தயாராகிறது. ஹைட்ரஜன் கொண்டு மேலும் சுத்தம் செய்தால் கந்தகம் 0.03 சதவீதத்துக்கும் கீழே போய், எண்ணெய் தண்ணீர்போல வெளுத்துவிடும். ஆகவே நிறம் வெளுப்பாக இருப்பதாலேயே ஓர் ஆயில் மட்டமானது என்று நினைக்காதீர்கள். 'சிந்தெடிக்' என்பது ரசாயன முறையில் உருவாக்கப்பட்ட, விலை கூடுதலான அடிப்படை எண்ணெய். கையேட்டில் கேட்டிருந்தால் ஒழிய, சாதாரண உழவு டிராக்டருக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

மிச்சமுள்ள பங்குதான் சேர்மானம். நீங்கள் கொடுக்கும் பணத்தில் கணிசமான பகுதி அதற்குத்தான் போகிறது. விரலால் தேய்த்துப் பார்த்தால் தெரியாததும் அதுதான்.

நான் உழவியல் படித்தவன், மெக்கானிக் அல்ல. ஆனாலும் இந்தச் சேர்மானங்களைப் பார்க்கும்போது மண் பாடம் நினைவுக்கு வருகிறது. டீசல் எரியும்போது இன்ஜினுக்குள் அமிலம் உண்டாகிறது. அமில மண்ணுக்கு நாம் சுண்ணாம்பு இடுவது போலவே, ஆயிலிலும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் கால்சியம் கார்பனேட்டைக் கலந்து வைக்கிறார்கள். இரண்டும் ஒரே சுண்ணாம்புதான். அமிலம் வர வர அது தீர்ந்துகொண்டே போகும். அடுத்து, நெல்லுக்குத் துத்தநாக சல்பேட் போடுகிறோமே, அந்தத் துத்தநாகம் பாஸ்பரஸ், கந்தகத்தோடு சேர்ந்த ஒரு சேர்மமாக ஆயிலிலும் இருக்கிறது. இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் இது மெல்லிய படலமாகப் படிந்து, உலோகத்துக்குப் பதிலாகத் தானே தேய்ந்துபோகும். இவை தவிர நுரை கட்டாமல் தடுக்க, துருவைத் தடுக்க, ஆயில் காற்றுப்பட்டுக் கெடாமல் காக்க என்று தனித்தனிப் பொருட்கள் உண்டு.

இன்னொரு சேர்மானம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டீசல் இன்ஜினில் கரி உண்டாகாமல் இருக்காது. அந்தக் கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் பிஸ்டன் வளையத்திலும் ஆயில் போகும் வழிகளிலும் பிசுக்காக அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு துகளையும் சுற்றிப் பிடித்து, மற்றதோடு சேரவிடாமல் மிதக்க வைப்பது இந்தச் சேர்மானத்தின் வேலை. புது ஆயில் ஊற்றிச் சில நாள் ஓட்டியதும் கறுத்துப்போவது இதனால்தான். 'போன வாரம்தான் மாத்தினேன், அதுக்குள்ள கறுத்துப்போச்சு, கடைக்காரர் ஏமாத்திட்டார்' என்று பலர் வருத்தப்படுகிறார்கள். கறுத்தால் ஆயில் வேலை செய்கிறது என்று அர்த்தம். பழைய ஆயிலை இறக்கும்போது இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி இறக்கச் சொல்வதும் இதற்காகவே. சூட்டில் கரி மிதந்தபடியே ஆயிலோடு வெளியே வந்துவிடும்.

நீங்கள் பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபிபோல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயில் ஊற்றாமலேயே அளவு கூடி, டீசல் வாடை வந்தால் டீசல் கசிந்து இறங்குகிறது. இரண்டிலும் வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேனில் 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 என்றிருப்பது ஆயிலின் ஓட்டத்தன்மை. முன்னால் உள்ள எண் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது எப்படி ஓடும் என்பதையும், பின்னால் உள்ளது 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் காட்டுகிறது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. ஆறினாலும் சூடானாலும் ஓரளவு சமமாக நிற்க, நீளமான பாலிமர் இழைகளைக் கலக்கிறார்கள். ஆறியிருக்கும்போது சுருண்டு கிடப்பவை சூட்டில் விரிந்துகொடுக்கும். பற்சக்கரங்களுக்கிடையே நசுங்கி நசுங்கி அந்த இழைகளும் நாளடைவில் அறுந்துபோகும். இதோடு ஏபிஐ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் சிஎஃப்-4, சிஹெச்-4, சிஐ-4 என்று ஒன்று இருக்கும். சி என்று தொடங்கினால் டீசல் இன்ஜினுக்கானது. எஸ் என்று மட்டும் இருந்தால் அது பெட்ரோல் வண்டிக்கானது. கையேட்டில் சொன்ன இந்த இரண்டும் கேனில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், கம்பெனி பெயர் இரண்டாம்பட்சம்.

இப்போது 'ஃபில்டர் ஆயில்' என்று மலிவாக விற்பதைப் பற்றி. ஓடி இறக்கிய ஆயிலில் அடிப்படை எண்ணெய் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அது மெதுவாகத்தான் கெடும். தீர்ந்துபோயிருப்பவை சேர்மானங்கள். வடிகட்டி, நிறம் தெளிய வைத்து விற்றால் பார்க்கவும் தொடவும் புதிது மாதிரியே இருக்கும். ஆனால் அமிலத்தைத் தின்னச் சுண்ணாம்பு இல்லை, தேய்மானத்தைத் தாங்கத் துத்தநாகம் இல்லை. லிட்டருக்குச் சில பத்து ரூபாய் மிச்சம் பிடித்து, இன்ஜின் போருக்குச் செலவழிப்பதில் என்ன லாபம்? முறையான ஆலையில் மறுசுத்திகரித்து, சேர்மானங்களைப் புதிதாகக் கலந்து, தர முத்திரையோடு வந்தால் அது வேறு விஷயம். மாற்றும் காலம் பல டிராக்டர்களில் 250 மணி நேரம், உங்கள் கையேட்டில் உள்ளதே சரியான கணக்கு. மீட்டரில் அவ்வளவு ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஓடாமல் நிற்கும் வண்டியில்தான் அமிலமும் ஈரமும் நிதானமாக அரித்துக்கொண்டிருக்கும்.

பிரேக் பிடிக்காத ஆயில்

கியர் ஆயிலின் நாற்றம் உங்களுக்குத் தெரியும். அது கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்களின் வாடை. பற்கள் அழுந்தும் இடத்தில் அவை உலோகத்தோடு வினைபுரிந்து படலம் கட்டும். ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள டிராக்டர்களில் கியர், ஹைட்ராலிக் லிஃப்ட், பிரேக் மூன்றுக்கும் பல நேரங்களில் ஒரே ஆயில்தான். அந்த ஆயில் பற்களை வழுக்க விட வேண்டும், அதே சமயம் பிரேக் தட்டுகளை வழுக்க விடக்கூடாது. இதற்கென்றே உராய்வைச் சரிப்படுத்தும் சேர்மானம் கலந்து, யூடிடிஓ என்ற வகையாக விற்கிறார்கள். 'எல்லாம் கியர்தானே' என்று சாதாரண 90 நம்பர் கியர் ஆயிலை அதில் ஊற்றினால் பிரேக் கிரீச்சிடும், நழுவும். கரும்பு ஏற்றிய டிரெய்லரோடு சரிவில் இறங்கும்போது அது தெரியவரக் கூடாது. களைவெட்டிக் கருவிக்கான டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் இப்படித்தான். அது பெட்ரோலோடு கலந்து எரிந்துபோக வேண்டியது என்பதால் சாம்பல் மிஞ்சாத சேர்மானங்கள் போட்டிருப்பார்கள். மீந்த டிராக்டர் ஆயிலை அதில் கலக்காதீர்கள்.

கிரீஸுக்கு வருவோம். அது தனிப் பொருளல்ல. பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைப்பது போல, ஒருவகை சோப்பு எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பதுதான் கிரீஸ். அழுத்தம் பட்டால் எண்ணெயைக் கசிய விடும். மாட்டு வண்டி அச்சுக்கு நம்மவர்கள் விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துப் போட்ட மசகும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். 'மசகு எண்ணெய்' என்கிற பெயரில் அந்த மசகு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆமணக்கு எண்ணெய் ஒரு காலத்தில் விமான, பந்தயக் கார் இன்ஜின்களிலேயே ஓடியது. காஸ்ட்ரால் என்ற பெயரே அதன் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். சூட்டில் பிசின்போல இறுகிவிடும் குணத்தால் இன்ஜினிலிருந்து விலகிவிட்டாலும் அது முற்றிலும் போய்விடவில்லை. இன்று நீங்கள் நிப்பிளில் அடிக்கும் லித்தியம் கிரீஸின் சோப்பு, பெரும்பாலும் ஆமணக்கு எண்ணெயிலிருந்து எடுக்கும் அமிலத்தால் ஆனது. சேலம், நாமக்கல் மானாவாரி நிலங்களில் வரப்புப் பயிராக நிற்கிற அதே ஆமணக்குதான்.

இறக்கிய பழைய ஆயிலைக் கரையானுக்கென்று வேலிக்கால்களில் பூசுவதும், கொசுவுக்கென்று குட்டையில் ஊற்றுவதும் இன்னும் நடக்கிறது. அதில் தேய்ந்த உலோகத்துகள்களும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்களும் இருக்கின்றன. 2016-ம் ஆண்டு மத்திய அரசு விதிகள் அதை அபாயக் கழிவாகவே வகைப்படுத்துகின்றன. செக்கு, கரும்பு ஆலை போன்ற உணவுப்பொருள் படும் இயந்திரங்களின் பேரிங்கில் அதை விடவே கூடாது. தண்ணீரோ டீசலோ கலக்காமல், மூடியுள்ள கேனில் சேர்த்து வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்று எடுப்பவர்களிடம் கொடுத்தால் விலையும் கிடைக்கும். உங்கள் ஊருக்கு அவர்கள் வராவிட்டால், ஆயில் மாற்றும் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். அங்கே சேரும் பழைய ஆயிலோடு உங்களுடையதையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.