வளைவிலே மடங்கும் சில்லு

மோட்டார் வண்டியின் இயந்திர வலிமையைப் பற்றிப் பேசுவோர் பலர். அதன் சில்லுகள் நிலத்தை எவ்வாறு பற்றி நிற்கின்றன என்று சிந்திப்போர் சிலரே. ஆயினும் வளைவொன்றில் விரைந்து திரும்பும்போது வண்டியிலிருப்போரைக் காப்பது, உள்ளங்கையளவு அகலமே உடைய நான்கு றப்பர்ப் பரப்புகள் நிலத்தோடு கொண்டுள்ள பிடிப்புத்தான். அப்பிடிப்பு நழுவாமல் காக்கும் எளிய உறுப்பு ஒன்றைப் பற்றி இங்கே ஆராய்வோம்.

ஆமை போன்ற முதுகுடைய பழைய வொக்ஸ்வாகன் வண்டியை அறியாதார் இலர். நம் நாட்டிலும் அதனைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உளர். அதன் இயந்திரமும் கியர்ப்பெட்டியும் பின்புறத்தில் அமைந்தவை. கியர்ப்பெட்டியின் இரு மருங்கும், தோளிலிருந்து நீட்டிய கைகளைப் போல, இரண்டு அரை அச்சுகள் புறப்படுகின்றன. ஒவ்வோர் அச்சுக்கும் கியர்ப்பெட்டியின் அருகிலேயே மூட்டு உண்டு; சில்லின் அருகில் இல்லை. ஆதலால் அச்சு ஏறி இறங்கும்போது சில்லும் அதனோடு சாய்ந்தே தீரவேண்டும். இதனை ஊசல் அச்சு எனலாம். எட்மண்ட் றும்ப்ளர் என்னும் பொறியியலார் 1903இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். செலவு குறைந்தது, மேடு பள்ளங்களில் இதமாக ஓடுவது.

எனினும் இதில் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. வண்டி வளைவில் வேகமாகத் திரும்பும்போது, வெளிப்புறச் சில்லின் அடியை நிலம் உள்நோக்கித் தள்ளுகின்றது. அத்தள்ளல் அச்சின் வழியே சென்று வண்டியின் பின்புறத்தை மேலே நெம்புகின்றது. உடல் உயர, அச்சு கீழ்நோக்கிச் சரிய, சில்லு வண்டியின் அடியில் மடங்குகின்றது. விரைந்து நடப்பவனின் கணுக்கால் திடீரென்று பிரள்வதை ஒத்தது இது. வளைவின் நடுவே அஞ்சி அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்தால் நிலைமை மேலும் மோசமாகும். பிடிப்பு நழுவும், சிலவேளை வண்டியே கவிழும்.

அமெரிக்காவில் 1959இல் வெளிவந்த ஷெவர்லே கோர்வெயர் வண்டியும் பின்புற இயந்திரமும் ஊசல் அச்சும் உடையது. அதன் முன் ரயர்களுக்குச் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலும் பின் ரயர்களுக்கு 26 இறாத்தலும் அழுத்தம் வேண்டும் என விதித்திருந்தனர். நான்கிற்கும் ஒரே அளவு காற்றடித்துப் பழகியோர் இவ்வேறுபாட்டை எளிதில் மறந்துவிடுவர். 1965இல் றால்வ் நாடர் எழுதிய நூலின் முதல் அத்தியாயம் இவ்வண்டியையே குற்றஞ்சாட்டியது. 1972இல் வெளிவந்த அரசாங்க அறிக்கையோ, அக்காலத்து ஏனைய வண்டிகளைவிட அது அதிகமாகக் கவிழக்கூடியது அன்று எனக் கூறிற்று. ஆயினும், 1964ஆம் ஆண்டு வண்டியிலேயே உற்பத்தியாளர் குறுக்கு வில்லுத்தகடு ஒன்றைச் சேர்த்திருந்தனர் என்பது கருதத்தக்கது.

அத்தகைய தகட்டைப் பழைய வண்டிகளிலும் பிற்காலத்தில் பூட்டலாம். 'கம்பர் கொம்பன்சேற்றர்' என்பது அதன் பெயர். கவிச்சக்கரவர்த்தியை நினைக்க வேண்டா. சில்லின் சாய்வையே ஆங்கிலத்தில் கம்பர் என்பர். தகட்டின் நடுப்பகுதி கியர்ப்பெட்டியின் கீழே ஒரு சுழலாணியில் தங்கும். இரு நுனிகளும் அச்சுக் குழாய்களை அடியிலிருந்து தாங்கும். ஒரு சில்லு ஏற மற்றது இறங்கினால் தகடு துலாக்கோல்போலச் சாய்ந்து கொடுக்கும். இரண்டும் ஒருங்கே கீழே மடங்க முயன்றால் மட்டுமே எதிர்த்து நிற்கும். போர்ஷே நிறுவனம் 1960இல் தன் 'சூப்பர் 90' வண்டியிலே இத்தகைய தகட்டைத் தானே பொருத்தியது.

பூட்டும் முறை கடினமன்று; கவனமே வேண்டும். முதலில் வண்டியின் அடியைப் பார்க்க வேண்டும். அச்சுக்குச் சில்லின் அருகிலும் மூட்டு இருப்பின் இத்தகடு அதற்குரியதன்று. ஊசல் அச்சாயின், சமதரையில் முன்சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, பின்புறத்தை உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்துக. ஜாக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழே புகுதல் உயிருக்கு ஆபத்து. தகட்டைத் தாங்கும் பிடியை அதனோடு வந்த அறிவுறுத்தலின்படி பூட்டுக. கியர்ப்பெட்டியின் உறை மக்னீசியக் கலப்புலோகம். நட்டை அளவுமீறி முறுக்கினால் புரி அழிந்துவிடும். ஆகவே முறுக்குவிசையை அளந்து காட்டும் ஸ்பனரையே பயன்படுத்தல் வேண்டும். அச்சுகள் தொங்காதவாறு தாங்கி உயர்த்திய பின்னரே நுனிகளை அமர்த்துக. இழுப்பேறிய தகடு துள்ளி விரலை நசுக்கக்கூடும். பிறேக் குழாயும் கைப்பிறேக் கம்பியும் எங்கும் உரசாமையைக் கண்டு, சில நூறு மைல் ஓடியபின் நட்டுகளை மீண்டும் சோதித்தல் நன்று.

இத்தகடு பூட்டியதனால் எவ்வேகத்திலும் திரும்பலாம் என்று எண்ணுதல் பேதைமை. இது ஆபத்தின் எல்லையைச் சற்றுத் தள்ளிவைக்குமேயன்றி, எல்லையை அழித்துவிடாது. ரயர்களில் உரிய காற்றழுத்தமும், வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணிக்கும் பழக்கமும் எப்போதும் வேண்டும். நாளை பொறியியல் கற்கப்போகும் மாணவர்கள் ஒன்றை நினைவிற் கொள்வார்களாக: பொருளை ஆக்குவோர் செலவை எண்ணிக் கைவிடும் சிறியதோர் இரும்புத் துண்டு, அதனை நம்பிப் பயணஞ் செய்யும் ஒரு குடும்பத்தின் உயிராக இருத்தல் கூடும்.