பனிக்கடியில் ஒரு பிடிக் காற்று

சித்திரை வெயிலில் மதுரை கே.கே. நகர்ப் பக்கம் ஒரு சர்பத் கடை முன்னால் நின்று பாருங்கள். கடைக்காரர் ஈரச் சாக்கை விலக்குவார். உள்ளே உமி. உமியைத் தள்ளினால் பாளமாக ஐஸ். காலையில் இறக்கிய பாளம் உச்சிவேளையிலும் பெரிதாகக் கரையாமல் கிடக்கும். உமிக்கென்று தனிக் குளிர்ச்சி கிடையாது. உமிகளுக்கிடையே அசையாமல் அடைபட்டிருக்கும் காற்றுதான் வெளிவெப்பத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால், 2016 பிப்ரவரியில் சியாச்சினில் நடந்தது விளங்கும்.

அந்த மாதம் 3-ஆம் தேதி, சுமார் 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்நிலையின் மேல் பனிச்சுவர் இடிந்து விழுந்தது. அங்கே இருந்தது மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-ஆவது பட்டாலியன். பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் ஒருவர் மதுரை மாவட்டம் சொக்கத்தேவன்பட்டியைச் சேர்ந்த சிப்பாய் கணேசன். தேனி மாவட்டம் குமணன்தொழுவின் குமார், வேலூர்ப் பக்கத்து ஏழுமலை, கிருஷ்ணகிரிப் பக்கத்து ராமமூர்த்தி ஆகியோரும் அங்கே இருந்தார்கள். எல்லாரும் வெயிலில் வளர்ந்த பிள்ளைகள்.

மதுரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சோனம் ஏறத்தாழ 6,000 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் பாதிகூட இல்லை. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். ஈடுகட்ட உடல் சிவப்பணுக்களைக் கூட்டுகிறது, ரத்தம் தடிக்கிறது. பசி போகும், தூக்கம் போகும். அதனால்தான் வீரர்களை ஒரே மூச்சில் மேலே அனுப்புவதில்லை. படிப்படியாக நிறுத்தி, உடலைப் பழக்கி ஏற்றுகிறார்கள்.

விழுந்தது பஞ்சுபோன்ற புதுப்பனி மட்டும் என்றால் தோண்டுவது எளிது. புதுப்பனியில் பெரும்பகுதி காற்று. அதனால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. ஆண்டுக்கணக்கில் பாரம் அழுத்தி, காற்றுக் குமிழிகள் பிதுங்கி வெளியேறிவிட்டால் பனிக்கட்டி இறுகுகிறது. ஒளியின் சிவப்பை அது விழுங்கிவிட, நீலம் மிஞ்சுகிறது. சோனத்தில் வந்து விழுந்த பாளங்களில் இந்த நீலப் பனிக்கட்டி நிறைய இருந்தது. கான்கிரீட் போலக் கடினம். பகலில் மைனஸ் 25 பாகை, இரவில் மைனஸ் 40-க்கும் கீழே. அந்தக் குளிரில் 150-க்கும் மேற்பட்ட வீரர்கள் 25, 30 அடி ஆழம்வரை வெட்டினார்கள். டாட், மிஷா என்ற இரண்டு மோப்ப நாய்கள் இடம் காட்டின.

பனிச்சரிவில் புதைந்தவர்களைப் பெரும்பாலும் கொல்வது மூச்சுத் திணறல். சுவிட்சர்லாந்தின் மலை விபத்துகளை ஆராய்ந்தவர்கள் கண்ட கணக்கு இது: 15 நிமிடத்துக்குள் தோண்டியெடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், 35 நிமிடத்தில் அது மூன்றாகிவிடும். விடும் மூச்சின் ஈரமே முகத்தைச் சுற்றி உறைந்து காற்றை அடைத்துவிடுகிறது.

அப்படியிருக்க, பிப்ரவரி 8-ஆம் தேதி மீட்புக் குழு ஒருவரை உயிரோடு கண்டது. கர்நாடகத்தின் பெட்டதூர் கிராமத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத். 2002-இல் படையில் சேர்ந்தவர். 13 ஆண்டுப் பணியில் பத்து ஆண்டுகள் கடினமான, ஆபத்தான பகுதிகளில் கழித்தவர். நொறுங்கிய கூடாரத்துக்குள் ஒரு காற்றிடம் மிஞ்சியிருந்தது. மேலே கிடந்த பனி, உமி ஐஸைக் காத்ததுபோல, வெளிக்குளிரையும் பேய்க்காற்றையும் அவரிடம் வராமல் தடுத்தது. எலும்பு முறிவோ, குளிரில் திசு கருகியதோ இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

குளிர்ந்த உடலுக்கு ஒரு சிக்கனமும் உண்டு. உடல்வெப்பம் ஒரு பாகை இறங்கினால் மூளையின் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ 6 விழுக்காடு குறைகிறது. சில இதய அறுவை சிகிச்சைகளில் உடலைக் குளிர்விப்பதும் இதனால்தான். ஆனால் திரும்பி வரும் வழி கரடுமுரடானது. உடல் சூடேறும்போது, குளிர்ந்து கிடந்த பகுதிகளுக்குள் ரத்தம் மறுபடி பாய்கிறது. அங்கே தேங்கிய கழிவுகள் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் வந்து சேர்கின்றன. அவருக்கு நிமோனியாவும் இருந்தது. கல்லீரலும் சிறுநீரகமும் தளர்ந்திருந்தன. பிப்ரவரி 11-ஆம் தேதி முற்பகல் டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவர் காலமானார். மற்ற ஒன்பது பேரும் உடல்களாகவே மீட்கப்பட்டார்கள்.

சியாச்சினில் 1984 முதல் நம் படை நிற்கிறது. அங்கே குண்டு பறித்த உயிர்களைவிடக் குளிரும் பனிச்சரிவும் பறித்தவை அதிகம். எதிரி சுடாத நாளிலும் அங்கே நிற்பதே போர்தான்.

அடுத்த முறை சர்பத் கடையில் உமியை விலக்கி ஐஸ் எடுக்கும்போது, பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குக் காற்றின் கதையைச் சொல்லுங்கள். சொல்லும்போது, இதே மாவட்டத்து மண்ணிலிருந்து போய் அந்தப் பனியில் உயிர்விட்ட சொக்கத்தேவன்பட்டி கணேசனின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.