எஞ்சினைக் கேட்டு வாங்காதீர்கள், செயினைப் பார்த்து வாங்குங்கள்

கல்முனைக்குடியில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்யும் எனக்கு, பழைய செயின் டோசர் ஒன்றை வாங்கி நட்டப்பட்ட அனுபவமும் உண்டு. இப்படியான மெசின் வாங்கும் எண்ணத்தில் இருக்கும் வர்த்தக சகோதரர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

நமது பகுதிக்கு இந்த மெசின் புதியதல்ல. 1949இல் டீ.எஸ். சேனாநாயக்க பிரதமராக இருந்தபோது ஆரம்பமான கல்ஓயாத் திட்டத்தில், இங்கினியாகலை அணைக்கட்டை மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பெனி பாரிய இயந்திரங்களைக் கொண்டு கட்டியது. "அந்தக் காலத்து மெசின்" என்றால் நம்மவர்களுக்கு ஒரு மயக்கம். விற்பவர்களுக்கும் அது தெரியும்.

நான் வாங்கியது கட்டர்பில்லர் டீ-4. அதன் இலக்கத் தகட்டில் 7யூ என்று ஆரம்பிக்கும். 1947 முதல் 1959 வரை வந்த ரகம். டீசல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதற்கென்றே பக்கத்தில் சிறிய பெற்றோல் எஞ்சின் ஒன்று இருக்கும். முதலில் அதை ஓடவிட்டால் அதன் சூடு பெரிய எஞ்சினுக்கும் ஏறும். பிறகு டீசல் சுகமாகப் பிடிக்கும். விற்றவர் இதைச் செய்து காட்டினார். சத்தம் அவ்வளவு இனிமை! குனிந்து கீழே பார்க்காமல் காசை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் கூட ஆகவில்லை. சம்மாந்துறைப் பக்கம் ஒரு வயலில் திரும்பும்போது செயின் கழன்று விழுந்தது. பார்க்க வந்த வயதான பாஸ் ஒருவர் பின்பக்கப் பற்சக்கரத்தைத் தடவினார். பற்கள் கத்திபோலக் கூராகியிருந்தன.

"தம்பி, நீங்க எஞ்சினத்தான் வாங்கிருக்கீங்க, மெசின வாங்கல்ல" என்றார்.

"அப்ப என்ன காக்கா செய்ற?"

"செயினக் கழட்டி அளந்து பாப்பம்."

சங்கிலி மெசினின் பழுதுச் செலவில் ஏறக்குறைய பாதி கீழ்ப்பாகத்துக்கே போகும் என்று இத்தொழிலில் கணக்குச் சொல்வார்கள். செயினின் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பின், அதன்மேல் ஒரு புஷ். இரண்டும் ஒரு பக்கமாகவே தேயும். தேயத்தேய இணைப்புக்களின் இடைவெளி கூடி, செயின் நீண்டு, பற்சக்கரத்தில் ஒழுங்காக உட்காராது. புஷ் வெடிக்குமுன் கவனித்தால், பிரஸ்ஸில் வைத்து பின்னையும் புஷ்ஷையும் கழற்றி அரைச்சுற்றுத் திருப்பிப் போடலாம். தேயாத பக்கம் வேலைக்கு வரும், செயினும் பழைய நீளத்துக்குத் திரும்பும். எனது மெசினில் ஒரு பக்கச் செயினுக்கு இந்த வைத்தியம் பலித்தது. மறுபக்கத்தில் பல புஷ்கள் ஓட்டையாகிவிட்டிருந்தன. பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். 7யூ என்ற எழுத்தைச் சொல்லாமல் "டீ-4 சாமான்" என்று கேட்டதால், முதல் தடவை வாங்கியது பொருந்தவுமில்லை.

இன்னொரு தலையிடி ஸ்டியரிங் கிளட்ச். நீண்டநாள் வெளியில் நின்ற மெசினில் அதன் தட்டுக்கள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். நெம்பை இழுத்தாலும் திரும்பாது. நமது கடற்கரைக் காற்றுக்கு இது சீக்கிரமே நடக்கும். புகைக்குழாயில் ஒரு பால்மா டின்னைக் கவிழ்த்து வைத்தால் மழைத்தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்காது. செலவில்லாத காரியம், ஆனால் செய்பவர் குறைவு. மணலில் ஓடும்போது செயினை அதிகம் இறுக்குவதும், சுமையோடு பின்னுக்கு எடுப்பதும் தேய்மானத்தைக் கூட்டும்.

திருத்தி முடித்து, இரண்டு போகம் நிலம் மட்டம்பண்ணக் கூலிக்கு விட்டேன். போட்ட காசில் ஒரு பகுதிதான் திரும்பி வந்தது. பிறகு விற்க நினைத்தபோது வாங்க வந்தவரும் எஞ்சின் சத்தத்தில் சொக்கிப்போய் நின்றார். அளவுநாடாவை நானே எடுத்துக் கொடுத்து, "கீழே படுத்துப் பாருங்க தம்பி" என்றேன். பார்த்தார், அளந்தார், பேசிய விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டார். கொடுத்துவிட்டேன்.