தண்ணீர் தள்ளும் கண்ணாடி

வீட்டிலேயே மீன் தொட்டி செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதைத்தான். ஆனால் தொட்டி நிற்குமா, உடையுமா என்பது லிட்டரைவிட உயரத்தைப் பொறுத்தது.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுமாராக 60, 30, 30 செ.மீ. விளிம்புவரை நிரப்பினால் 54 லிட்டர். அழுத்தம் தண்ணீரின் மேல்மட்டத்தில் பூஜ்யம். கீழே போகப் போகக் கூடும். சராசரியாக 15 செ.மீ. ஆழத்தின் அழுத்தம் என்று கொள்ளலாம். முன்பக்கக் கண்ணாடியின் பரப்பு 1,800 சதுர செ.மீ. இரண்டையும் பெருக்கினால் 27,000 கிராம். அந்த ஒரு கண்ணாடி மட்டும் இரவும் பகலும் 27 கிலோ எடைக்குச் சமமான தள்ளலைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. உயரத்தை மட்டும் 60 செ.மீ. ஆக்கிப் பாருங்கள். தண்ணீர் இரண்டு மடங்குதான் கூடும். தள்ளலோ 108 கிலோ, அதாவது நான்கு மடங்கு!

அமுக்கினால் கண்ணாடி நன்றாகத் தாங்கும். வளைத்தால்தான் ஆபத்து. தண்ணீர் உள்ளிருந்து தள்ளும்போது பலகை லேசாக வெளிப்புறம் வளைகிறது. வளைந்த பரப்பு இழுபடுகிறது. கண்ணுக்கே தெரியாத கீறல்களில்தான் உடைசல் தொடங்குகிறது என்று 1921-இல் விளக்கியவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஏ.ஏ. கிரிஃபித். இழுவிசையில் இருக்கும் கீறலின் நுனியைக் காற்றின் ஈரம்கூட மெல்ல மெல்ல நீளச் செய்யும். முதல் நாள் கம்பீரமாக நின்ற தொட்டி பல மாதம் கழித்து ஒரு ராத்திரியில் பிளந்துபோவது இதனால்தான். ஆகவே பழைய ஜன்னல் கண்ணாடி வேண்டாம். நாம் சொன்ன அளவுக்குப் புதிய 5 மி.மீ. கண்ணாடி போதும். கடையில் வெட்டி வாங்கும்போதே ஓரங்களைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தால் அந்தத் துண்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

வெட்டும் அளவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அடிக் கண்ணாடி 60க்கு 30. முன்னும் பின்னும் 60க்கு 30. பக்கவாட்டுத் துண்டுகள் இந்த இரண்டுக்கும் நடுவே உட்கார வேண்டியவை. அதனால் அகலத்திலிருந்து இரண்டு கண்ணாடிகளின் தடிமனையும், இருபுறமும் ஒட்டுக்கான ஒவ்வொரு மி.மீ.யையும் கழிக்க வேண்டும். ஆக 28.8 செ.மீ. அகலம், 30 உயரம்.

ஒட்டும் பசை சிலிக்கோன். சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி அது. கண்ணாடியின் அடிப்படையும் இதே இரண்டு தனிமங்கள்தான். அதனால் சிலிக்கோன் மேலோட்டமாக ஒட்டுவதோடு நிற்காமல், கண்ணாடிப் பரப்போடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்கிறது. விரல் ரேகையின் எண்ணெய் இருந்தால்கூட இந்தப் பிணைப்பு கெடும். எனவே அசிட்டோனால் துடைத்த ஓரத்தைப் பிறகு தொடவே கூடாது. துண்டுகளை அழுத்திப் பசையை முழுக்கப் பிதுக்கி வெளியேற்றுவதும் தவறு. ஒரு மி.மீ. ரப்பராவது இடையில் இருந்தால்தான், கண்ணாடி வளையும்போது அது இழுத்துக் கொடுக்கும்.

குழாயைப் பிதுக்கியதும் புளிக்காடி வாசனை அடிக்கும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பசை இறுகும்போது வெளியேறும் அசிட்டிக் அமிலம் அது. சில நிமிடங்களிலேயே மேலே தோல் கட்டிவிடும். அதற்குள் உள்மூலைகளை விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட வேண்டும். தோல் கட்டியது காய்ந்ததாகாது. ஈரம் வெளியிலிருந்துதான் உள்ளே போக வேண்டும் என்பதால் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று மி.மீ. அளவுதான் இறுகும். ஒரு வாரம் தொடாமல் விடுவதே நல்லது. குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சைத் தடுப்புச் சிலிக்கோனை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் கலந்திருக்கும் மருந்து மீனுக்கு விஷம்.

தொட்டியும் தண்ணீருமாக 60 கிலோவைத் தாண்டும். மட்டமான மேசையில், அடியில் தெர்மாகோல் விரித்து வையுங்கள். மேசையில் ஒரு சிறு மேடு இருந்தாலும் மொத்தப் பாரமும் அந்தப் புள்ளியில் இறங்கி அடிக் கண்ணாடி விரிசல் விடும். முதல் இரண்டு நாள் மீன் இல்லாமல் வெறும் தண்ணீரோடு நிறுத்தி, ஒழுகுகிறதா என்று பாருங்கள். கசிந்தால் பழைய பசையின் மேலேயே பூசாதீர்கள். காய்ந்த சிலிக்கோனில் புதியது சரியாகப் பிடிக்காது. முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி ஒட்ட வேண்டும்.

உயரமான தொட்டி கூடத்துக்கு அழகு என்பது உண்மைதான். ஆனால் அதனால் மீனுக்குப் பெரிய லாபமில்லை. தண்ணீரில் ஆக்சிஜன் கரைவது மேற்பரப்பு வழியாக. மேற்பரப்பைக் கூட்டுவது நீளமும் அகலமும்தான். நீந்துவதற்கு மீன் தேடுவதும் நீளவாட்டு இடத்தையே. அடுத்த தொட்டிக்குக் கூடுதலாகக் காசு ஒதுக்க முடிந்தால், உயரத்தை அப்படியே விட்டுவிட்டு நீளத்தையும் கண்ணாடியின் தடிமனையும் கூட்டுங்கள்.